விழுந்து கிடந்தவன் எப்படி ஜெயித்தான்? அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில் காயமும் கடிகாரமும்

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. என் மகன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த கையோடு பள்ளியின் மல்யுத்த அணியிலும் சேர்ந்துவிட்டான். எனக்கு மல்யுத்தத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சின்ன வயதில் சேர்த்து வைத்திருந்த டிரம்ப் கார்டுகளில் போட்டிருந்த உயரமும் எடையும்தான். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் எங்களோடு ஜிம்முக்கு வந்து, மரப் படிக்கட்டு இருக்கையில் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

126 பவுண்டு எடைப்பிரிவு ஆட்டம். எங்கள் அணிப் பையன் ஒருவனை எதிராளி பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்து, அப்படியே தூக்கி, தோள்பட்டை முதலில் படுகிற மாதிரி மேட் மேல் போட்டான். அந்தச் சத்தம் எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. நடுவர் விசில் ஊதினார், காயங்களைக் கவனிக்கிற பள்ளியின் ட்ரெய்னர் ஓடி வந்தார், ஸ்கோர் மேசையில் இருந்த பெண் ஒரு கடிகாரத்தைத் தட்டிவிட்டாள். இரண்டு நிமிடம் ஓடி முடிந்தது. பையனால் இடது கையைத் தூக்கவே முடியவில்லை. பாவம், தோற்றுவிட்டான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, நடுவர் இருவரையும் நடுவில் நிறுத்தி அவனுடைய நல்ல கையைப் பிடித்து மேலே தூக்கினார். அவன்தான் ஜெயித்தவன்.

"ஏம்ப்பா, கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிற புள்ளயப் போயி ஜெயிச்சான்னு சொல்றாங்க?" என்றார் அம்மா. எனக்கும் தெரியவில்லை. அரைமணி நேரம் கழித்து அடுத்த மேட்டில் இன்னொரு பையனுக்குத் தானாகவே முழங்கால் பிசகியது. அவனாலும் தொடர முடியவில்லை, ஆனால் அவன் தோற்றான். இரண்டு பேருக்குமே அடிபட்டது, இரண்டு பேராலுமே ஆட முடியவில்லை, முடிவு மட்டும் தலைகீழ். இது ஏன் என்று புரிய எனக்கு ஒரு சீசன் ஆனது. புதிதாகப் பிள்ளையைச் சேர்த்துவிட்டு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்கப் பள்ளிகளில் ஆடுவது ஒலிம்பிக்கில் பார்க்கிற மல்யுத்தம் அல்ல, ஃபோக்ஸ்டைல் என்று வேறு ஒரு வகை. விதிகளை எழுதுவது இண்டியானாபொலிஸில் இருக்கிற, மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு, சுருக்கமாக என்எஃப்எச்எஸ். சில விஷயங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் உங்கள் மாநிலச் சங்கத்தின் விதியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டம் வழக்கமாக 2 நிமிடம் வீதம் மூன்று பீரியட், மொத்தம் 6 நிமிடம். 6 நிமிடம்தானே என்று நினைக்காதீர்கள், ஆடிவிட்டு வருகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அடிபட்டோ ரத்தம் வந்தோ இந்த 6 நிமிடக் கடிகாரம் நிற்கும்போதெல்லாம் இன்னொரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். நான் புரியாமல் தவித்ததற்குக் காரணம், அந்த இன்னொரு கடிகாரம் ஒன்று என்று நினைத்ததுதான். உண்மையில் நான்கு இருக்கின்றன. சாதாரண காயத்துக்கு ஒன்று, ரத்தத்துக்கு ஒன்று, எதிராளி விதியை மீறியதால் பட்ட அடிக்கு ஒன்று, தலை கழுத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நேரம் வேறு, விளைவும் வேறு. நடுவர் விசில் ஊதியதும் அவர் கை என்ன சைகை காட்டுகிறது என்று பாருங்கள், எந்தக் கடிகாரம் ஓடுகிறது என்பதை மேசைக்கு அதில்தான் சொல்கிறார்.

சாதாரணக் காயக் கடிகாரத்தில் இருப்பது ஒன்றரை நிமிடம். ஒரு தடவைக்கு அல்ல, ஆட்டம் முழுவதற்கும் சேர்த்து, ஓவர்டைம் போனாலும் அதே ஒன்றரைதான். முதல் பீரியடில் கணுக்கால் சுளுக்கி 50 வினாடி செலவழித்தால் பாக்கி 40 வினாடி. மூன்றாவது பீரியடில் அதே கணுக்கால் மறுபடி தொந்தரவு கொடுத்தால் அந்த 40க்குள் எழுந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டம் எதிராளிக்கு. இதை டிஃபால்ட் என்பார்கள். அந்த முழங்கால் பையன் தோற்றது இப்படித்தான். யாரும் அவனுக்குத் தப்பாக எதுவும் செய்யவில்லை, அவன் நேரம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அது போக, இந்த ஒன்றரை நிமிடத்தை இரண்டு தடவைக்கு மேல் பிரித்துக் கேட்க முடியாது. முதல் தடவை கேட்டால் தண்டனை எதுவும் இல்லை, விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். இரண்டாவது தடவை கேட்டால், மறுபடி எந்த நிலையில் ஆரம்பிப்பது என்று தேர்ந்தெடுக்கிற உரிமை எதிராளிக்குப் போய்விடும். மூன்றாவது கேட்டால் நேரம் பாக்கி இருந்தாலும் டிஃபால்ட்.

அந்தத் தேர்வு உரிமை எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆரம்பத்தில் எனக்கு உறைக்கவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பையன் 2 புள்ளி முன்னிலையில் இருக்கிறான், கடைசி 20 வினாடி, அவன் மேலே இருந்து எதிராளியை அமுக்கிப் பிடித்திருக்கிறான். எதிராளி தப்பித்து எழுந்தால் 1 புள்ளி, திருப்பிப் போட்டு மேலே வந்தால் 2, அதாவது அதிகபட்சம் சமநிலை. இந்த நேரத்தில் மூச்சு வாங்குகிறது என்று உங்கள் பையன் இரண்டாவது டைம்அவுட் கேட்கிறான். சரி, எதிராளி என்ன செய்வான்? இரண்டு பேரும் நின்றபடியே ஆரம்பிக்கலாம் என்பான். நின்ற நிலையிலிருந்து ஒருவனைக் கீழே தள்ளிக் கட்டுப்படுத்தினால் இப்போது 3 புள்ளி. கையில் இருந்த ஆட்டம் போயே போய்விட்டது. இந்த விதி வைத்ததே களைப்பைக் காயம் என்று சொல்லி ஓய்வெடுப்பவர்களுக்காகத்தான் என்று எங்கள் கோச் சொல்வார். எனக்கு அதில் முழுச் சம்மதம். நிஜமாகவே வலிக்கிற பிள்ளைக்கும் அதே விதிதானே என்று கேட்டால், ஆமாம், அதுதான் சங்கடம். நடுவரால் வலியை அளக்க முடியாது, தடவைகளை எண்ணத்தான் முடியும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இனிதான். ஆஸ்துமா, தசைப்பிடிப்பு, வாந்தி, சர்க்கரை இறங்குவது போன்றவை அடிபட்டதால் வருவது இல்லையே, அதற்குத் தனி நேரம் கொடுப்பார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். தனிக் கடிகாரம் கிடையாது. எல்லாம் அந்த ஒன்றரை நிமிடத்தில்தான் கழியும். என் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. அவனுடைய மூன்றாவது ஆட்டத்தில் இரண்டாவது பீரியட் நடுவே மூச்சு இழுக்க ஆரம்பித்து, கையைக் காட்டி ஆட்டத்தை நிறுத்தினான். இன்ஹேலர் எங்கே? மேலே என் பையில், இட்லி டப்பாவுக்கும் ஜாக்கெட்டுக்கும் அடியில். நான் அதைத் தோண்டி எடுத்து, மூன்று குடும்பங்களின் கால்களைத் தாண்டி, படிக்கட்டில் இறங்கி மேட் ஓரத்துக்கு வந்து கோச்சிடம் கொடுக்கும்போது கடிகாரத்தில் 55 வினாடி போயிருந்தது. மேட் மேல் அணி சார்பில் அதிகபட்சம் இரண்டு பேர்தான் போகலாம் என்பதால் நானே ஓடிப்போய்க் கொடுத்திருக்கவும் முடியாது. இரண்டு பஃப் இழுத்து, எழுந்து, ஆடி, தோற்றான். தோற்றது வீசிங்கால் அல்ல, அந்த எதிராளி நிஜமாகவே நன்றாக ஆடினான். ஆனால் அன்றைக்குப் பிறகு இன்ஹேலர் கோச்சின் நாற்காலிக்கு அடியில்தான் இருக்கிறது. சர்க்கரை உள்ள பிள்ளைகளின் குளுகோஸ் மாத்திரைக்கும் இதே கதைதான். ஆட்டத்துக்கு முன்பே ட்ரெய்னரிடம் இன்ன தொந்தரவு, இன்ன மருந்து என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

இடையில் ஒரு குறும்பான விதி. ஒருவன் இன்னொருவனை மல்லாக்கப் போட்டுத் தோள்களைத் தரைக்கு அருகே அமுக்கிப் பிடித்திருக்கும்போது, கீழே இருப்பவன் "ஆ, என் கை!" என்று கத்தினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருக்கும். 'பின்' ஆவதிலிருந்து, அதாவது தோள்கள் தரையில் அமுக்கப்பட்டு அதோடு ஆட்டத்தையே தோற்பதிலிருந்து, தப்பிக்க இதைவிடச் சுலபமான வழி உண்டா? அதனால் அந்த நிலையில் காயம் என்று ஆட்டம் நின்றால், மேலே இருந்தவனுக்கு அதுவரை பிடித்து வைத்திருந்ததற்கு உரிய புள்ளியோடு ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். நடுவர் இன்னும் வினாடிகளை எண்ணவே ஆரம்பிக்காமல் அந்த நிலை வரப்போகிற தறுவாயில் நின்றிருந்தால்கூட 2 புள்ளி உண்டு. கத்துவதற்கும் விலை இருக்கிறது.

ரத்தக் கடிகாரம் இவ்வளவு கறார் கிடையாது. மொத்தம் 5 நிமிடம், எத்தனை தடவை நிறுத்தலாம் என்பது நடுவரின் முடிவு, எதிராளிக்குத் தேர்வு உரிமை போகாது. பெரும்பாலும் மூக்குதான். ட்ரெய்னர் ஒரு பஞ்சுச் சுருளை மூக்கில் திணித்து, தலையைச் சுற்றி டேப் ஒட்டி அனுப்புவார், முப்பது வினாடியில் அது பிய்த்துக்கொண்டு பறக்கும், மறுபடி விசில். அதற்குள் இன்னொரு பையன் கையுறை மாட்டிக்கொண்டு வந்து மேட் மேல் விழுந்த சொட்டுகளைக் கிருமிநாசினி தெளித்துத் துடைப்பான். ரத்தம் சம்பந்தப்பட்டதால் இந்தச் சடங்கில் யாரும் குறுக்குவழி எடுப்பதில்லை. 5 நிமிடத்துக்குள் நிற்கவில்லையென்றால் இங்கேயும் டிஃபால்ட்தான். அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிற பிள்ளை என்றால் சீசன் ஆரம்பிப்பதற்கு முன்பே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒரு நடை போய்வருவது நல்லது, ஏனென்றால் இங்கே டிசம்பர், ஜனவரியில் ஹீட்டர் காற்று மூக்கை உலர்த்தியே வைத்திருக்கும்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். எதிராளியைத் தூக்குவது தப்பு இல்லை. தூக்கியவன் அவனைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுவர வேண்டும், ஓங்கிப் போட்டால் அது ஸ்லாம், விதிமீறல். அதே மாதிரி இரண்டு கைகளையும் எதிராளியின் அக்குள் வழியாக விட்டுப் பிடரியில் கோர்த்து அழுத்துகிற ஃபுல் நெல்சன் பிடியும் பள்ளி மல்யுத்தத்தில் கூடாது. இப்படிப்பட்ட தடை செய்யப்பட்ட பிடியாலோ தேவையில்லாத முரட்டுத்தனத்தாலோ ஒருவனுக்கு அடிபட்டால், அது அவனுடைய ஒன்றரை நிமிடத்தில் கழியாது. மீண்டு வருவதற்கு என்று தனியாக 2 நிமிடம் உண்டு, தப்புச் செய்தவனுக்குப் புள்ளி அபராதமும் உண்டு. அந்த 2 நிமிடம் முடிந்தும் எழுந்து ஆட முடியவில்லையென்றால், அடிபட்டவனுக்கே வெற்றி. யோசித்துப் பார்த்தால் வேறு எப்படி இருக்க முடியும்? தோற்கப் போகிறவன் எதிராளியின் தோளை உடைத்துவிட்டு ஜெயித்துக்கொண்டு போக விட முடியுமா என்ன?

இதில் இரண்டு குழப்பங்கள் வரும். ஒன்று, பிடி அனுமதிக்கப்பட்டதுதான், ஆனால் மூட்டு ஆபத்தான கோணத்துக்குப் போகிறது என்று நடுவர் முன்னெச்சரிக்கையாக நிறுத்துவார். அது அபாயம் என்ற எச்சரிக்கை மட்டும்தான், விதிமீறல் அல்ல, அபராதமும் இல்லை. அதில் வலித்தால் உங்கள் சொந்த ஒன்றரை நிமிடம்தான் ஓடும். கூட்டத்தில் பாதிச் சண்டை இதில்தான் வருகிறது. பெற்றோர் கண்ணுக்கு எல்லாமே எதிராளியின் தப்பாகத்தான் தெரியும், எனக்கும் சேர்த்தே சொல்கிறேன். இன்னொன்று, 2 நிமிடம் படுத்தே கிடந்தால் ஜெயித்துவிடலாம் என்றால் நடிக்க மாட்டார்களா என்ற கேள்வி. நடிப்பவர்கள் இருக்கிறார்கள். 8 புள்ளி பின்தங்கியிருந்த ஒரு பையன் ஒரு ஸ்லாமுக்குப் பிறகு எழுந்திருக்காமல் கிடந்து ஜெயித்ததையும், இருபது நிமிடத்தில் கேண்டீன் வரிசையில் துள்ளிக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். நிஜமாகவே அப்புறம் சரியாகியிருக்கலாம், யார் கண்டது. எங்கள் கோச் பசங்களிடம் சொல்வது ஒன்றே ஒன்று: ஜெயித்துக்கொண்டிருக்கும்போது யாரையும் தூக்காதே.

நான்காவது கடிகாரம் தலைக்கும் கழுத்துக்கும். இங்கே மட்டும் விளையாட்டுத்தனம் கிடையாது. அடி தலையிலோ கழுத்திலோ முதுகுத்தண்டின் மேல்பகுதியிலோ பட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் பரிசோதிக்க 5 நிமிடம் கொடுக்கப்படும், ஆனால் தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் ஒருவர் அங்கே இருந்தால் மட்டும்தான். யார் தகுதியுள்ளவர், டாக்டர் மட்டுமா, ட்ரெய்னரும் சேர்த்தியா என்பதை மாநிலச் சங்கம் முடிவு செய்யும். இந்தக் கடிகாரம் ஓடினால் மற்ற மூன்றும் இதற்குப் பின்னால்தான். ஒரே ஆட்டத்தில் இரண்டாவது தடவை தலை கழுத்துப் பிரச்சினை வந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் ஆட்டம் முடிந்தது.

கன்கஷன் அறிகுறி, அதாவது மூளை அதிர்ச்சியின் அறிகுறி தெரிந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தலைவலி, தலைச்சுற்றல், தள்ளாட்டம், என்ன பீரியட் என்று கேட்டால் முழிப்பது, ஒரு கணம் நினைவு தப்புவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறங்க முடியாது. இதற்குப் பின்னால் ஒரு பிள்ளையின் கதை இருக்கிறது. 2006இல் வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் பள்ளிக் கால்பந்து ஆட்டத்தில், அதாவது அமெரிக்கக் கால்பந்தில், தலையில் அடிபட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஆடப் போனான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான், மூளையில் ரத்தக்கசிவு. உயிர் பிழைத்தான், ஆனால் திரும்ப நடக்கப் பழகவே வருடக்கணக்கானது. 2009இல் அவன் பெயரில் அந்த மாநிலம் சட்டம் போட்டது, 2014க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. அதனால் "அவனுக்கு ஒண்ணும் இல்ல, நான் அவன் அப்பா சொல்றேன்" என்று மேசைக்குப் போய் வாதாடாதீர்கள். மருத்துவப் பணியாளர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கோச்சுக்கும் அதை மாற்றுகிற அதிகாரம் இல்லை.

இதுவரை சொன்னது மேட் மேல் ஏறிய பிறகு. ஏறுவதற்கு முன்பே பிள்ளையை நிறுத்திவிடக்கூடிய விஷயம் தோல். எடை பார்க்கும்போதே தோலையும் பார்ப்பார்கள். படர்தாமரை, சீழ்க் கொப்புளம், ஹெர்பிஸ் கொப்புளம் எல்லாம் உடம்போடு உடம்பு உரசுகிற விளையாட்டில் தீ மாதிரிப் பரவும். 2007 ஜனவரி கடைசியில் மின்னசோட்டாவில் ஹெர்பிஸ் பரவியதால் மாநிலம் முழுக்கப் பள்ளி மல்யுத்தத்தையே, பயிற்சி உட்பட, எட்டு நாள் நிறுத்தி வைத்தார்கள். சந்தேகமான திட்டு ஏதாவது இருந்தால் அதற்கென்று இருக்கிற படிவத்தில் மருத்துவர் கையெழுத்து வேண்டும், இன்ன மருந்து, இன்ன தேதியிலிருந்து, எப்போது ஆடலாம் என்று. உடம்பில் படர்தாமரை என்றால் பொதுவாக 72 மணி நேர மருந்து, தலையில் என்றால் 14 நாள். மேலே பேண்டேஜ் ஒட்டி மறைத்துக்கொண்டு ஆடலாமே என்றால் முடியாது, தொற்றுகிற நிலையில் இருப்பதை மூடினாலும் அது தகுதி ஆகாது. எங்கள் வீட்டில் ஒரு திட்டைப் பார்த்ததும் அம்மா ஏதோ பச்சிலை பூசச் சொன்னார். பூசியிருந்தால் அது என்னவென்றே டாக்டருக்குத் தெரிந்திருக்காது. வியாழக்கிழமை போய் நின்றோம், பூச்சிக்கடி என்று எழுதிக் கொடுத்தார்.

எடை விஷயம் தனியாகவே எழுத வேண்டியது. 1997இல் ஒன்றரை மாதத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் அவசரமாக எடை குறைக்கப் போய் இறந்தார்கள் என்பதும், இப்போது பள்ளியில் நீர்ச்சத்து பார்த்த பிறகே குறைந்தபட்ச எடையைக் கணக்கிட்டு, வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று வைத்திருப்பதும் மட்டும் இப்போதைக்குத் தெரிந்தால் போதும்.

ஸ்கோர் பலகையைப் பற்றி ஒன்று பாக்கி. இரண்டு பள்ளிகள் மோதும்போது ஒரு டிஃபால்ட்டுக்கு அணிக்கு 6 புள்ளி, 'பின்' செய்து ஜெயித்தால் கிடைக்கிற அதே 6. சாதாரணமாகப் புள்ளிக் கணக்கில் ஜெயித்தால் 3தான். ஆட்டம் தொடங்கிய பிறகு முடியாமல் போனால் டிஃபால்ட், தொடங்குவதற்கு முன்பே காயம், உடம்பு சரியில்லை என்று விலகினால் மெடிக்கல் ஃபோர்ஃபிட். இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் போட்டி அட்டவணையைப் பார்த்து நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

அந்தத் தோள்பட்டைப் பையனுக்கு எலும்பு முறிவு எதுவும் இல்லை. மூன்று வாரம் கழித்து டாக்டர் சீட்டோடு வந்தான், முதல் ஆட்டத்திலேயே தோற்றான், சிரித்துக்கொண்டே இறங்கினான். அம்மா ஊருக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி போன் பண்ணினால் பேரன் எத்தனை பவுண்டு, எதிராளி யார் என்றெல்லாம் கேட்பதில்லை.

"அந்த மருந்த வாத்தியார்கிட்ட குடுத்துட்டியாப்பா?" என்பார்.